மலச்சிக்கலுக்குக் காந்தத் தூண்டல்: முதலில் எந்த மலச்சிக்கல்?

காந்த மெத்தையை மறந்திருக்க மாட்டீர்கள். சொந்தக்காரர் ஒருவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து, சாயா குடித்துக்கொண்டே, இதில் படுத்தால் ரத்தம் சுத்தமாகும், மூட்டுவலி போகும், வயிறு இளகும் என்று அடுக்கிக்கொண்டே போவார். கையில் காந்தக் காப்பு வேறு. அந்த வியாபாரத்தைப் பார்த்த குடும்பங்களில், நாள்பட்ட மலச்சிக்கலுக்குக் காந்தத்தால் சிகிச்சை என்று இப்போது யாராவது சொன்னால் சிரிப்பு வருவது நியாயம்தான். ஆனால் மருத்துவ ஆய்வில் இன்று பேசப்படும் காந்தத் தூண்டலும் அந்த மெத்தையும் பெயரில் மட்டுமே ஒன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பள்ளிக்கூட இயற்பியலே போதும்.

ஒரு கம்பிச்சுருளுக்குள் காந்தத்தைச் சும்மா வைத்திருந்தால் அதோடு இணைத்த, மின்சாரம் பாய்வதைக் காட்டும் கால்வனாமீட்டரின் முள் அசையாது. காந்தத்தை உள்ளே தள்ளும்போதும் வெளியே இழுக்கும்போதும் மட்டும் அசையும். மைக்கேல் ஃபாரடே 1831-ல் கண்டது இதைத்தான். மாறுகிற காந்தப்புலம் மின்சாரத்தைத் தூண்டும், மாறாத காந்தப்புலம் தூண்டாது. மெத்தையில் தைத்த காந்தத்தின் புலம் மாறுவதில்லை. இரவு முழுக்க அதன்மேல் படுத்தாலும் நரம்பு அதைக் கண்டுகொள்ளாது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணல் ஆலையில் இல்மனைட் என்ற தாதுவை மற்ற மணலிலிருந்து பிரிக்கக் காந்தம் பயன்படுகிறது. அங்கே காந்தம் இழுக்கிறது. சிகிச்சையிலோ இழுப்பதற்கு எதுவும் கிடையாது. ரத்தத்தில் இரும்பு இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பு, குண்டூசி இரும்பைப் போலக் காந்தத்தில் போய் ஒட்டும் வகை அல்ல.

மருத்துவக் கருவியில் நடப்பது வேறு. ஒரு மின்தேக்கியில் சேர்த்த மின்சாரத்தை, தடித்த கம்பிச்சுருள் ஒன்றின் வழியாக ஒரே அடியாகப் பாய்ச்சுகிறார்கள். பாய்வது சில ஆயிரம் ஆம்பியர், ஆனால் ஒரு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்குத்தான். அந்த நொடிப்பொழுதில் சுருளின் முகப்பில் 1 முதல் 2 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு) அளவுக்குக் காந்தப்புலம் எழுந்து அடங்கும். இது எவ்வளவு பெரியது என்பதற்கு நம் காலடி மண்ணையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்கிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்துத் தும்பாவை ராக்கெட் ஏவத் தேர்ந்தெடுத்து 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட்டை அனுப்பியதற்கும் அதுதான் காரணம். இங்கே பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. அதோடு ஒப்பிட்டால் கருவியின் புலம் இருபத்தையாயிரம் மடங்குக்குக் குறையாது. அதைவிட முக்கியம், அது கண்ணிமைக்கும் நேரத்துக்கும் மிகக் குறைவான பொழுதில் ஏறி இறங்குவது. அந்த ஏற்ற இறக்கம் உடம்புக்குள் ஒரு சிறு மின்புலத்தை உண்டாக்குகிறது, அது நரம்பைத் தட்டி எழுப்புகிறது.

நரம்பைத் தூண்ட மின்சாரத்தையே நேரடியாக வைத்தால் என்ன? வைக்கலாம், பிசியோதெரபியில் தினமும் வைக்கிறார்கள். தொல்லை என்னவென்றால், ஒட்டுப்பட்டை வழியாக வரும் மின்சாரம் முதலில் தோலைக் கடக்க வேண்டும். தோலில்தான் வலியுணர் நரம்புகள் நெருக்கமாக இருக்கின்றன. ஆழத்திலுள்ள நரம்பை எட்டும் அளவுக்குக் கூட்டினால் நோயாளி துள்ளுவார். எலும்பும் மின்சாரத்தைத் தடுக்கும். காந்தப்புலத்துக்குத் தோல், கொழுப்பு, எலும்பு எல்லாம் ஒன்றுதான், தடையில்லாமல் போகும். உடுப்பைக்கூடக் கழற்ற வேண்டியதில்லை. ஒரு குறை உண்டு: சுருளை விட்டு விலக விலகப் புலம் வேகமாகத் தேயும். சாதாரணச் சுருளின் வீச்சு சில சென்டிமீட்டர்தான். வயிற்றின் மேலே வைத்துக் குடலை நேரடியாக உலுக்கிவிடலாம் என்று யாராவது சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. குறி வைப்பது குடலை அல்ல, குடலுக்குப் போகும் நரம்பை.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோணி பார்க்கரும் அவருடைய குழுவும் 1985-ல் இப்படி ஒரு சுருளைத் தலைமேல் வைத்து, வலியில்லாமல் கைவிரலைத் துடிக்க வைத்துக் காட்டினார்கள். இன்றுள்ள கருவிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. 1998-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, சிறுநீரை அடக்க முடியாத பெண்களுக்காக ஒரு காந்த நாற்காலியை அனுமதித்தது. 2008-ல் மற்ற சிகிச்சைக்குக் கட்டுப்படாத மனச்சோர்வுக்குத் தலையில் வைக்கும் கருவிக்கு அனுமதி கிடைத்தது. இந்த இரண்டில் எதுவும் மலச்சிக்கலுக்கானது அல்ல என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் உதவும்.

சரி, எந்த நரம்பு?

பெருங்குடலின் முதல் பாதிக்கும் கொஞ்சம் கூடுதலான பகுதிக்கு மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு பொறுப்பு. இடப்பக்க விலாவுக்குக் கீழே குடல் வளைந்து இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் அதன் ஆட்சி முடிகிறது. அங்கிருந்து மலக்குடல் வரைக்கும், ஆசனவாய்த் தசைக்கும் இடுப்புத் தளத் தசைக்கும், முதுகுத்தண்டின் அடி முனையிலிருந்து கிளம்பும் மூன்று நரம்பு வேர்கள்தான் எஜமானர்கள். திருவெலும்பு என்று சொல்லப்படும், இடுப்புக்குக் கீழே வால் எலும்புக்கு மேலே உள்ள முக்கோண எலும்பின் இரண்டாம், மூன்றாம், நான்காம் துளைகள் வழியாக அவை வெளியே வருகின்றன. அந்த இடம் தோலுக்கு மிக ஆழத்தில் இல்லை. காந்தச் சுருளை அங்கே வைத்தால் எட்டும். முயற்சிகள் பெரும்பாலும் அங்கேயே நடப்பதற்குக் காரணம் இதுதான்.

இவை போக, குடலுக்குச் சொந்தமாகவே ஒரு நரம்பு வலை இருக்கிறது. பத்துக் கோடிக்கும் மேற்பட்ட நரம்பணுக்கள் குடல் சுவரிலேயே குடியிருக்கின்றன. மூளையும் தண்டுவடமும் இல்லாவிட்டாலும் குடல் ஓரளவு தானாக நெளியும். ஆனால் மலத்தை நீண்ட தூரம் உந்தித் தள்ளும் பெரிய அலைகள் ஒரு நாளைக்குச் சில தடவைதான் வரும். காலையில் கண் விழித்ததும், சாப்பாட்டுக்குப் பின்னும் அவை அதிகம். காலையில் கட்டன் சாயா உள்ளே போனதும் வெளிக்குப் போக வேண்டும்போல் இருப்பது வெறும் பழக்கம் மட்டுமல்ல.

அந்த அழைப்பை நாம் மதிக்கிறோமா என்பதில்தான் நம் மாவட்டத்தின் கதை கொஞ்சம் வருகிறது. விளவங்கோடு, கல்குளம் பக்கம் ரப்பர் வெட்டப் போகிறவர் விடிவதற்கு முன்பே தோட்டத்தில் இருப்பார். பால் நன்றாக இறங்குகிற நேரம் அதுதான். முந்திரி ஆலைக்குப் போகும் பெண்கள் காலைச் சமையலை முடித்துப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள், ஆலையில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். இப்படிக் குடல் அழைக்கிற வேளையில் அடக்கிக்கொள்ளப் பழகினால், மலக்குடல் நாளடைவில் நிறைந்தாலும் தகவல் சொல்லாமல் இருந்துவிடும். பல பேருக்கு மலச்சிக்கல் தொடங்குவது சாப்பாட்டில் அல்ல, இந்த அடக்கலில்தான் என்பது என் கருத்து. சாப்பாடும் காரணம்தான். மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் ருசியில் யாருக்கும் இளைத்தவை அல்ல, ஆனால் கிழங்கில் மாவு மிகுதி, நார் குறைவு. அதைப் பாளையங்கோட்டான் வாழைப்பழம் இரண்டைத் தின்று ஈடுகட்டும் வழக்கமும் இங்கேயே இருக்கிறது, அதுவும் மோசமான யோசனை இல்லை.

மருத்துவர்கள் நாள்பட்ட மலச்சிக்கல் என்று எதைச் சொல்கிறார்கள்? தினமும் போகவில்லை என்பதை அல்ல. குடல் இயக்க நோய்களுக்கு மருத்துவ நிபுணர்கள் வகுத்து 2016-ல் வந்த ரோம் நான்காம் வரையறையின்படி, வாரத்துக்கு மூன்று தடவைக்கும் குறைவாகப் போவது, நாலில் ஒரு தடவைக்கு மேல் முக்கிப் போவது, கட்டிகட்டியாகப் போவது, போன பிறகும் முழுசாகப் போகாத உணர்வு, வாசலில் அடைத்து நிற்பது போன்ற உணர்வு, விரலால் உதவ வேண்டியிருப்பது ஆகியவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். அதுவும் கடைசி மூன்று மாதமாக நீடித்திருக்க வேண்டும், தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். விரல் விஷயத்தைப் பெரும்பாலானோர் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்வதில்லை. நோயைப் பிரித்தறிய அதுதான் மிகப் பயனுள்ள தகவல்களில் ஒன்று.

ஏனென்றால் மலச்சிக்கல் ஒரே நோய் அல்ல. குறைந்தது மூன்று வகை. ஒன்றில் குடல் சாதாரண வேகத்தில்தான் நகரும், ஆனாலும் சிரமம் இருக்கும். நார், தண்ணீர், சாதாரண மருந்துகளுக்கு இதுவே நன்றாகக் கேட்கும். இரண்டாவதில் பெருங்குடலின் நகர்வே மந்தம். குடலின் தாளத்தைப் பிடித்துக்கொடுக்கும் சிறப்பு அணுக்கள் இவர்களில் பலருக்குக் குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இவர்களுக்கு நாரைக் கூட்டினால் வயிறு ஊதுவதுதான் மிச்சம். மூன்றாவது வகையில் குடல் மலத்தை வாசல் வரைக்கும் சரியாகவே கொண்டுவந்துவிடும். முக்கும்போது தளர வேண்டிய இடுப்புத் தளத் தசை தளராமல் இறுகிக்கொள்ளும். ஒரு கையால் கதவைத் தள்ளிக்கொண்டே மறு கையால் தாழ்ப்பாள் போடுவது மாதிரி. நோயாளிக்குத் தான் இப்படிச் செய்வது தெரியாது. இன்னும் முக்குவார், இன்னும் இறுகும்.

மூன்றாவது வகைக்காரருக்குக் குடலை வேகமாக்கும் மாத்திரை கொடுத்து என்ன பயன்? தாழ்ப்பாளை நீக்கப் பழக்க வேண்டும். மலக்குடலுக்குள் அழுத்தமானி ஒன்றை வைத்து, திரையில் தன் தசை இறுகுவதையும் தளர்வதையும் நோயாளியே பார்த்துக் கற்றுக்கொள்ளும் பயோஃபீட்பேக் பயிற்சி இவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்குப் பலன் தருகிறது. மருந்தில்லை, கத்தியில்லை. சொல்லிக்கொடுக்க ஆளும் பொறுமையும்தான் தேவை, அவை இரண்டும்தான் கிடைப்பது அரிது.

எந்த வகை என்று தெரியாமல் சிகிச்சையில் இறங்குவதன் விலையை வயிற்று வைத்தியத்தின் வரலாறு நன்றாகவே காட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், தேங்கும் மலம் உடம்பையே நஞ்சாக்குகிறது என்று நம்பி, மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். நம் நெய்யூரிலும் ஒரு கதை உண்டு. எவரெஸ்ட் ஏறப் போன ஹோவர்ட் சாமர்வெல் 1924 வாக்கில் நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் சேர்ந்து, தென் திருவிதாங்கூர் மக்களின் குடற்புண்ணுக்கு எண்ணற்ற அறுவை சிகிச்சைகள் செய்தார். அன்றைக்கு அதுதான் உயிர் காக்கும் வழி, அவர் கைராசிக்காரர் என்று பேர். 1980-களில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் புண்ணுக்குப் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதைக் காட்டிய பிறகு, கத்தி பிடித்த இடத்தை இரண்டு வார மாத்திரை பிடித்துக்கொண்டது. 2005-ல் அவர்களுக்கு நோபல் பரிசு. காரணம் தெரிந்தால் சிகிச்சை சுருங்கும்.

இந்தப் பின்னணியில்தான் காந்தத்தைப் பற்றிய ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். முதலில் இதை முயன்றது சாதாரண மலச்சிக்கல்காரர்களிடம் அல்ல. தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போனவர்களிடம்தான் அமெரிக்காவில் முயன்றார்கள். முதுகிலும் வயிற்றிலும் சுருளை வைத்து வாரக்கணக்கில் தூண்டியபோது, பெருங்குடலை மலம் கடக்கும் நேரம் குறைந்ததாக 2000-களின் தொடக்கத்தில் எழுதினார்கள். பிறகு தைவானில் பார்க்கின்சன் நோயாளிகளிடம் இதேபோல் முயன்றார்கள். அவர்களுக்கு மலச்சிக்கல் கைநடுக்கத்துக்குப் பல வருடம் முன்பே வரக்கூடிய தொல்லை. அங்கும் கடக்கும் நேரம் குறைந்தது. இவை எல்லாம் சிறு ஆய்வுகள். சிலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்கப் போலிச் சிகிச்சைக் குழுவே இல்லை.

அண்மையில் இன்னொரு கோணம் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவின் அகஸ்டா பல்கலைக்கழகத்தில் குடல் இயக்க நோய்களை ஆராயும் சதீஷ் ராவ் குழுவினர், இடுப்பு நரம்பு வேர்களின்மேல் காந்தத் துடிப்புகளை வைத்து, மலத்தை அடக்க முடியாதவர்களுக்குச் சிகிச்சை தந்தார்கள். அதாவது மலச்சிக்கலுக்கு நேர் எதிரான தொல்லை. 33 பேரை மூன்று குழுவாகப் பிரித்து விநாடிக்கு 1, 5, 15 துடிப்பு என்று கொடுத்துப் பார்த்ததில், மிக மெதுவான ஒரு துடிப்புக் குழுவுக்குத்தான் பலன் மிகுதி. இந்த முடிவு 2021-ல் வெளியானது. அதே நரம்பு, அதே கருவி. ஆனால் அங்கே தேவை பிடிமானம், மலச்சிக்கலில் தேவை நகர்வும் தளர்வும். வேகம், வலிமை, எத்தனை துடிப்பு, எந்த வேர் என்பதெல்லாம் மாறினால் விளைவும் மாறும் என்பதுதான் இதிலிருந்து எனக்குத் தெரிவது. ‘காந்தம் வைத்தோம்’ என்று மட்டும் ஒரு மருத்துவமனை சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. எந்த அளவில் வைத்தார்கள் என்பதுதான் மருந்தளவு.

சுருளைத் தலையில் வைத்து மலச்சிக்கலைக் குறைக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், சீனாவில் குறிப்பாக. மலச்சிக்கலோடு மனச்சோர்வும் பதற்றமும் கூடவே வருவது உண்மை. மனம் தேறியதால் வயிறு தேறியதா, குடலுக்குப் போகும் கட்டளையே மாறியதா என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல.

என் ஐயம் வேறொரு இடத்தில்தான் வலுவாக நிற்கிறது. இதே திருவெலும்பு நரம்பைத் தூண்ட, காந்தத்துக்கு முன்பே ஒரு வழி இருந்தது: தோலுக்கடியில் பேஸ்மேக்கர் போன்ற ஒரு கருவியைப் பதித்து, கம்பியை நரம்பு வேருக்குப் பக்கத்தில் நிறுத்துவது. மலத்தை அடக்க முடியாதவர்களுக்கு அது நன்றாகவே உதவுகிறது. மலச்சிக்கலுக்கும் தொடக்கத்தில் ஆஹா ஓஹோ என்றார்கள். பிறகு ஆஸ்திரேலியாவில், குடல் மந்தமான ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருவியைப் பதித்து, சில வாரம் உண்மையாக இயக்கியும், சில வாரம் நோயாளிக்குத் தெரியாமல் நிறுத்தி வைத்தும் ஒப்பிட்டார்கள். 2015-ல் வந்த முடிவு: இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. நரம்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து நாள் முழுக்கத் தூண்டிய கருவியால் முடியாததை, வாரத்துக்குச் சில தடவை வெளியிலிருந்து தட்டும் காந்தம் செய்துவிடும் என்றால் அதற்குக் கெட்டியான சான்று வேண்டும். குடல் மந்தம் என்ற வகைக்கு நான் இதை நம்பிப் பணம் கட்ட மாட்டேன், இப்போதைக்கு.

சான்று கெட்டியாவதற்கு ஒரு நடைமுறைச் சிக்கலும் தடையாக இருக்கிறது. மருந்து ஆய்வில் போலி மாத்திரை கொடுப்பது சுலபம். காந்தக் கருவி ‘டக் டக்’ என்று காதைத் துளைக்கும் சத்தம் போடும். காதுக்குப் பஞ்சோ அடைப்பானோ கொடுப்பார்கள். ஒவ்வொரு அடிக்கும் பின்பக்கத் தசை துடிக்கும். சத்தத்தை மட்டும் போட்டுத் துடிப்பைத் தராத போலிச் சுருளை வைத்தால், நோயாளி இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவார். மலச்சிக்கலோ, கவனித்துக் கேட்க ஒருவர் இருந்தாலே பாதிப் பேருக்குக் கொஞ்சம் குறைந்ததுபோல் தோன்றும் நோய். வாரக்கணக்கில் ஒரே நேரத்துக்கு வந்து, உட்கார்ந்து, சாப்பாட்டைப் பற்றிப் பேசி, தினமும் எத்தனை தடவை போனது என்று குறித்து வைத்தாலே பழக்கம் சீராகும். அதில் காந்தத்தின் பங்கு எவ்வளவு என்று கழித்துப் பார்க்க நல்ல ஒப்பீட்டுக் குழு இல்லாமல் முடியாது.

இதற்கிடையில் காந்த நாற்காலி சந்தைக்கு வந்துவிட்டது. பிரசவத்துக்குப் பின் தும்மினால் சிறுநீர் கசியும் பெண்களுக்கு, இடுப்புத் தளத் தசையை வலுப்படுத்தவென்று பெருநகரங்களின் அழகு சிகிச்சை நிலையங்கள்கூட இதை விளம்பரம் செய்கின்றன. உடுப்போடு உட்கார்ந்து, போனைப் பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான சுருக்கங்கள் என்பது கேட்க இனிப்பான விஷயம். சிறுநீர்க் கசிவுக்கு அதில் ஒரு நியாயம் இருக்கிறது. அதே நாற்காலியை மலச்சிக்கலுக்கும் என்று விற்கத் தொடங்கினால் கவனமாக இருக்க வேண்டும். மேலே சொன்ன மூன்றாவது வகைக்காரருக்குத் தசை வலுக்குறைவு பிரச்சினையே அல்ல, தளராததுதான் பிரச்சினை. சுருங்கப் பழக்கும் சிகிச்சை அவருக்குத் தேவையானதற்கு எதிர்த்திசையில்கூட இருக்கலாம்.

அப்படியென்றால் முதலில் செய்ய வேண்டியது என்ன? கருவியைத் தேடுவதற்கு முன் காரணத்தைத் தேடுவது. தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், ரத்தசோகைக்குத் தின்னும் இரும்பு மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள், மனநோய் மருந்துகள், வலிக்குத் தரும் ஓபியம் வகை மருந்துகள் எல்லாம் மலத்தை இறுக்கும். வயதானவர்கள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. பிள்ளைகள் வளைகுடாவிலும் வெளிநாட்டிலும் இருக்க, ஐந்தாறு மாத்திரைப் பட்டைகளோடு வாழும் அம்மாமார்களுக்கு அந்தப் பட்டியலை ஒரு டாக்டரிடம் காட்டினாலே பாதிச் சிக்கல் அவிழும். ஐம்பது வயதைத் தொடும்போது புதிதாக மலச்சிக்கல் வந்தால், மலத்தில் ரத்தம் போனால், எடை இறங்கினால், குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தால், நேரே மருத்துவமனைதான். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சொல்ல வெட்கப்பட ஒன்றுமில்லை.

அடுத்து, உட்காரும் விதம். மலக்குடலை ஒரு தசை கயிறுபோல் வளைத்துப் பிடித்திருக்கிறது. குத்தவைத்து உட்கார்ந்தால் அந்த வளைவு நிமிரும், வழி நேராகும். பழைய கக்கூஸை இடித்து மேல்நாட்டுக் கோப்பை வைத்த வீடுகளில், மூட்டுவலிக்காரருக்கு அது வரம்தான். ஆனால் பாதத்துக்குக் கீழே ஒரு சிறு பலகை போட்டு முழங்காலை உயர்த்தினால் கொஞ்சம் பழைய நிலை திரும்பும். செலவில்லாத இந்த யோசனையைக் காந்தத்தைப் பற்றிப் பேசும் யாரும் சொல்வதில்லை.

மருந்து என்றால், மலத்தில் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடிக்கு நல்ல சான்று இருக்கிறது. இசப்கோல் உமி பலருக்குப் போதும். நம் பக்கத்து மண்ணின் நிலாவாரை உலகத்துக்கே போயிருக்கிறது. திருநெல்வேலிச் சென்னா என்ற பெயரிலேயே மேலை நாட்டு மருந்து நூல்களில் இடம்பிடித்த இலை அது. அதிலுள்ள சென்னோசைடுகளைப் பெருங்குடலின் பாக்டீரியாக்கள் உடைத்த பிறகுதான் அது குடலைத் தூண்டுகிறது. இரவில் சாப்பிட்டால் காலையில் வேலை செய்வது அதனால்தான். வர்ம ஆசான்களுக்கும் சித்த வைத்தியத்துக்கும் பேர்போன மாவட்டம் என்பதால், காந்தத் தூண்டலை ‘நவீன வர்மம்’ என்று யாராவது விளம்பரம் செய்யக்கூடும். இரண்டுமே நரம்பைப் பற்றிப் பேசுகின்றன என்பதைத் தவிர வேறு உறவு எதையும் நான் காணவில்லை.

இவற்றுக்கெல்லாம் மசியாவிட்டால்தான் சோதனைகள். அவையும் பயப்படும்படி இல்லை. 50 மில்லி தண்ணீர் நிரப்பிய சிறு பலூனை மலக்குடலில் வைத்து, ஒரு நிமிடத்துக்குள் வெளித்தள்ள முடிகிறதா என்று பார்ப்பது ஒன்று. எக்ஸ்ரேயில் தெரியும் 24 சிறு வளையங்கள் உள்ள மாத்திரையை விழுங்கி, ஐந்தாம் நாள் எத்தனை மிச்சம் என்று எண்ணுவது இன்னொன்று. ஐந்துக்கு மேல் சிதறிக் கிடந்தால் குடல் மந்தம். அழுத்தமானிச் சோதனைக்குக் குடல்நோய்ச் சிறப்பு மருத்துவர் உள்ள பெரிய மருத்துவமனை வேண்டும், திருவனந்தபுரமோ மதுரையோ போக வேண்டி வரலாம். காந்தச் சிகிச்சைக்கு வாரக்கணக்கில் வண்டி ஏறுவதைவிட, இந்தச் சோதனைக்கு ஒரே தடவை வண்டி ஏறுவது மேல்.

காந்தம் வைத்தே பார்ப்பது என்று முடிவானால், இதயத்தில் பேஸ்மேக்கரோ அதிர்ச்சி தரும் கருவியோ பதித்தவர்கள், காதுக்குள் கருவி பதித்தவர்கள், கர்ப்பிணிகள் கிட்டவே போகக் கூடாது. இடுப்பு மூட்டு மாற்றியவர்கள், முதுகெலும்பில் உலோகம் வைத்தவர்கள், காப்பர்-டி வைத்திருக்கும் பெண்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். வலிப்பு உள்ளவர்களுக்குத் தலையில் வைக்கும் முறை ஆகாது.

நம் மாவட்டத்தில் இந்தச் சிகிச்சை யாருக்காவது உண்மையிலேயே பொருள் தரும் என்றால், அது நாற்காலி விளம்பரத்தைப் பார்த்து வருபவருக்கு அல்ல, மரத்திலிருந்து விழுந்தவருக்கு என்று நினைக்கிறேன். பனையும் தென்னையும் ஏறிப் பிழைத்த ஊர் இது. தென்னிந்தியாவில் தண்டுவடம் முறிவதற்கு உயரத்திலிருந்து விழுவது, அதிலும் மரத்திலிருந்து விழுவது, பெரிய காரணங்களில் ஒன்று. விழுந்தவருக்குக் கால் போனது எல்லாருக்கும் தெரியும். குடலும் போனது வீட்டுக்காரிக்கு மட்டும்தான் தெரியும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், உள்ளே வைக்கும் மருந்தை வைத்து, விரலால் தூண்டி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்து அவரை வெளிக்குப் போக வைப்பது அவள் வேலை. அது தவறினால் படுக்கை பாழ். அந்த வேலை இருப்பதாலேயே ஒரு கல்யாண வீட்டுக்குப் போகக்கூட அவளால் முடியாது.

காந்தத் தூண்டல் முதலில் முயலப்பட்டதும் இவர்களிடம்தான் என்பதை மேலே பார்த்தோம். எல்லாருக்கும் பொருந்தாது. தண்டுவடம் மார்பு உயரத்தில் முறிந்திருந்தால், கீழே உள்ள திருவெலும்பு நரம்புகள் மூளையோடு தொடர்பற்றுப்போனாலும் உயிரோடு இருக்கும். அவற்றைத் தட்டினால் தசை பதில் சொல்லும். இடுப்பருகே முறிந்து அந்த நரம்பு வேர்களே நசுங்கியிருந்தால் தட்டுவதற்கு அங்கே நரம்பு மிச்சமில்லை. மலவாயைத் தொட்டால் தசை சுருங்குகிறதா என்ற ஒரு நிமிடச் சோதனை இந்த இரண்டையும் பெரும்பாலும் பிரித்துக் காட்டிவிடும். சுருங்குகிறது என்றால், மறுவாழ்வு மருத்துவம் பார்க்கும் இடத்தில் காந்தத் தூண்டல் ஆய்வு ஏதாவது நடக்கிறதா என்று விசாரிப்பதில் தவறில்லை. ஆய்வில் சேர்வதென்றால் அதற்குப் பணம் கேட்கிறார்களா என்பதையும் விசாரியுங்கள், கேட்கக் கூடாது.